அகடாமா தீர்ந்துவிட்டதா? மாற்றுக் கலவையில் போன்சாய் காட்டும் அறிகுறிகளும் அவற்றுக்கான வழிகளும்

மொட்டைமாடியில் ஆறு மரங்கள் தொட்டி மாற்றக் காத்திருந்த ஒரு தை மாதத்தில், வழக்கமாக வாங்கும் இடத்தில் அகடாமா (போன்சாய் எனும் தொட்டிக் குறுமரங்களுக்குப் போடும் ஜப்பானியக் களிமண் குருணை) இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சரக்கு எப்போது வரும் என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. மொட்டு துளிர்க்கத் தொடங்கிவிட்டதால் கையில் கிடைத்ததை வைத்து ஆறையும் மாற்றினேன். சித்திரை முடிவதற்குள் ஒன்றுக்கு இலை வெளுத்தது, ஒன்றுக்கு நுனி கருகியது, பதினோரு ஆண்டுகள் வளர்த்த புளி பட்டே போனது. அந்தப் புளி போன பிறகுதான் ஒவ்வொரு மாற்றுப் பொருளையும் தனித்தனியாகச் சோதித்துக் குறித்து வைக்கத் தொடங்கினேன். மரத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அகடாமா செய்துகொண்டிருந்த வேலை

ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில், கனுமா நகரை ஒட்டிய பகுதிகளில் தோண்டி எடுக்கும் எரிமலைச் சாம்பல் களிமண்தான் அகடாமா. உலர்த்தி, அளவு வாரியாகச் சலித்துப் பையில் அடைக்கிறார்கள். நமக்கு எட்டாத பொருளாகத் தெரியும் இது அங்குள்ளவர்களுக்குப் பக்கத்து ஊர் மண். 1923-ல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்க் கலைஞர்கள் சிலர் நல்ல மண்ணும் நீரும் இடமும் தேடி ஒமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925-ல் அங்கே ஒரு போன்சாய் கிராமத்தையே உண்டாக்கினார்கள். அவர்கள் கைக்கெட்டிய மண்ணில் வளர்த்தார்கள். நமக்குக் கைக்கெட்டுவது சுட்ட களிமண்: செங்கல், ஓடு, உடைந்த பானை.

எந்த மாற்றானாலும் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். நனைந்தாலும் கரையாமல் குருணையாகவே நிற்க வேண்டும். குருணைக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். குருணைகளுக்கு நடுவே காற்று போக விட வேண்டும். போடும் உரத்தில் கொஞ்சமாவது தக்க வைக்க வேண்டும். அகடாமா நான்கையும் ஓரளவு செய்தது. மாற்றுப் பொருள்களில் நான்கையும் ஒன்றாகச் செய்யும் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் கலக்க வேண்டியிருக்கிறது, கலக்கும் இடத்தில்தான் தவறும் நடக்கிறது.

இன்னொரு விஷயம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்க வையுங்கள். சொட்டுவது நிற்கட்டும். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி நீர் ஒழுகும். ஸ்பாஞ்சும் அதேதான், நீரும் அதேதான், உயரம் மட்டுமே மாறியது. தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் தங்கிவிடும். அந்த உயரம் எவ்வளவு என்பதைக் குருணையின் அளவு முடிவு செய்கிறது, தொட்டியின் ஆழம் அல்ல. ஓரடி ஆழப் பூந்தொட்டியில் அடியில் இரண்டு அங்குலம் சொதசொதவென்று கிடந்தாலும் அதற்கு மேலே வேருக்கு இடம் உண்டு. இரண்டு அங்குல போன்சாய்த் தட்டில் அதே மண்ணைப் போட்டால் தட்டு முழுவதுமே சொதசொதப்புதான். ரோஜாவுக்கு நன்றாக இருந்த கலவையை நம்பித் தட்டில் போட்டுத்தான் நான் புளியை இழந்தேன்.

ஆகவே மாற்றுப் பொருளின் பெயரைவிட அதன் குருணை அளவு முக்கியம். 2 முதல் 6 மி.மீ. வரை, அதாவது கடுகைவிடப் பெரியது, துவரம் பருப்பைத் தாண்டாதது. சிறிய மரத்துக்கு மிளகுக்குக் கீழே, பெரிய மரத்துக்கு மிளகுக்கு மேலே. கால் அங்குல இரும்பு வலையில் மேல் சலிப்பும், ஜன்னல் கொசுவலையில் அடிச் சலிப்பும் செய்தால் ஏறக்குறைய இந்த அளவு கிடைத்துவிடும். சலிக்கும்போது நீர் தெளித்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். செங்கல், கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல்.

சோதனையை மரம் வைக்கப் போகும் அதே தொட்டியில் செய்யுங்கள். வாளியில் செய்தால் விடை பொய்யாகும். கலவையை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் துளைகளை உள்பக்கமாக டேப் ஒட்டி அடைத்து, கலவையை அளந்து நிரப்புங்கள். மேல்மட்டம் மினுங்கும் வரை நீர் ஊற்றுங்கள். பிறகு டேப்பைக் குத்தித் திறந்து, வடியும் நீரைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் கலவைக்கு 200 மில்லிக்கு மேல் வடிந்தால் காற்றுக்கு இடம் இருக்கிறது. 100-க்கும் குறைவாக வடிந்தால் அந்தக் கலவையில் மரத்தை வைக்காதீர்கள்.

தொட்டியைக் கவிழ்க்கும் முன்

அறிகுறி தெரிந்தவுடன் மரத்தைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றும். அப்போதுதான் வேர் வெட்டிய மரத்தை மறுபடி கலைப்பது நோயைவிடக் கொடுமை. முதலில் தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். நீர் ஊற்றி ஒரு நாள் ஆன பிறகும் கல்லாகக் கனத்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. தென்னை ஈர்க்கு ஒன்றை ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். எந்த உயரம் வரை ஈரம் ஏறியிருக்கிறது என்று அதிலேயே தெரியும். கடைசியாக வடிதுளையை மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் வேர் பிழைத்திருக்கிறது. சாக்கடை வாடை வந்தால் மட்டும்தான் உடனே கவிழ்க்க வேண்டும்.

ஊற்றிய நீர் மேலேயே குளம் கட்டி நிற்கிறது

வடிதுளையின் வலை அடைத்திருக்கிறதா என்று முதலில் கம்பியால் குத்திப் பாருங்கள். சில சமயம் அவ்வளவுதான்.

அது இல்லையென்றால் குற்றவாளி தூள். ஆற்று மணல் அரிதாகிவிட்டதால் பலர் எம்-சாண்டைப் போடுகிறார்கள். அது கருங்கல்லை உடைத்துச் செய்வது, 0.15 மி.மீ.-க்கும் நுண்ணிய தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று கட்டுமானத் தரநிலையே இடம் கொடுக்கிறது. கொத்தனாருக்கு அந்தத் தூள் வேண்டும், இடுக்குகளை அது நிரப்பும். தொட்டியிலும் அதே வேலையைத்தான் செய்யும். எம்-சாண்டைச் சலித்துக் கழுவினால் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு என்பதால் நான் அதை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஜல்லிக் கடையில் 6 மி.மீ. சிப்ஸ் கேட்டு வாங்கிச் சலித்துக்கொள்வது எளிது.

இரண்டாவது காரணம், வேகாத செங்கல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் அகடாமாவுக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. அதே நேரம் தவறான கல்லைப் போட்டால் இதைவிட மோசமான மாற்றும் கிடையாது.

சூளைக்குப் போய், "அண்ணே, உடைஞ்ச கல்லு ரெண்டு சாக்கு வேணும், செடிக்கு" என்று கேட்டேன். "செடிக்குன்னா வேகாத கல்லே போதுமே தம்பி, பொடியா உடையும்" என்று அன்போடு அதையே எடுத்துக் கொடுத்தார் அங்கிருந்த பெரியவர். உடைக்க எளிதாகத்தான் இருந்தது. ஒரே மழையில் தொட்டிக்குள் அது களிமண்ணாகத் திரும்பிவிட்டது. பிறகு அவரே சொல்லிக் கொடுத்த வழி: இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் வெந்தது, டொக்கென்றால் வேகாதது. சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி உடைத்துக் கண்ணாடித் தம்ளரில் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நீர் கலங்கலாக இருந்து, விரலால் நசுக்கும்போது சில்லு மாவானால் அந்தச் சரக்கை ஒதுக்கிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்து கருத்து, கண்ணாடிபோல் உருகிய கல் கரையவே கரையாது. ஆனால் நீரையும் குடிக்காது. அதைப் போடுவதும் ஜல்லியைப் போடுவதும் ஒன்று. நடுவில் உள்ள கல்தான் நமக்கு வேண்டும். 24 மணி நேரம் ஊறிய செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்பது சாதாரணக் கட்டடக் கல்லுக்கான வரம்பு. அந்த வரம்பை ஒட்டி நீர் குடித்தும் கரையாமல் நிற்கும் கல் கொத்தனாருக்குச் சுமாரான கல், நமக்கு முதல் தரம். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி எடை போட்டால் தெரிந்துவிடும். 3 கிலோ கல் அரைக் கிலோ நீர் குடித்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் வாங்குவேன்.

ஓடும் நல்லதுதான். நாட்டு ஓடு செங்கல்லைப் போலவே நடந்துகொள்ளும். மங்களூர் ஓடு அதைவிட இறுக்கமாக வெந்தது, கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். மண்பாண்டம் செய்பவர்களிடம் சூளையில் விரிந்து போன பானைச் சில்லு கிடைத்தால் விடாதீர்கள். சுவர் மெலிதாக இருப்பதால் உள்வரை ஒரே சீராக வெந்திருக்கும். சில்லு தட்டையாக உடைவது மட்டுமே குறை; தட்டைச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை மறிக்கும். பாதிக்கு மேல் போடாமல் உருண்டைக் குருணையோடு கலந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் பூனை மணல். வீட்டுப் பூனை மலம் கழிக்கத் தட்டில் பரப்பும் மணல் இது. வெளிநாட்டில் சிலர் சுட்ட களிமண்ணாலும் டயாடமைட் என்ற நுண்துளைப் பாறையாலும் ஆன பூனை மணலை போன்சாய்க்குப் போடுகிறார்கள். அதைப் பார்த்து இங்கே கிடைக்கும் மணலை வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் விற்பது பென்டோனைட் என்ற களிமண்; நீர் பட்டால் பசைபோல் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்தது. அதைப் போட்டிருந்தால் சாக்கடை வாடை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே எடுத்து, வேரை வாளி நீரில் ஆட்டிக் கழுவி, வேறு கலவைக்கு மாற்றுங்கள்.

தூளோ செங்கல் சேறோ காரணம் என்றால், மரம் இன்னும் பச்சையாக இருக்கும் பட்சத்தில், ஈர்க்கைவிடச் சற்றுத் தடித்த மூங்கில் குச்சியால் இரண்டு அங்குல இடைவெளியில் அடிவரை துளையிட்டு, துளைகளில் மிளகளவு குருணையை நிரப்புங்கள். அடுத்த தொட்டி மாற்றும் பருவம் வரை இதில் ஓட்டிவிடலாம்.

நீர் ஊற்றியதும் ஓடிவிடுகிறது, மதியம் இலை தொங்குகிறது

நீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்து அதன் வழியாக ஓடினால், கலவையில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம். அது காய்ந்து சுருங்கி, வேர்க்கட்டியின் நடுப்பகுதி நனையாமலே கிடக்கிறது. மேலே எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. அகன்ற தட்டில் நீர் வைத்து, குமிழி வருவது நிற்கும் வரை தொட்டியை அதில் உட்கார வையுங்கள். இடைவெளியில் குருணையைத் தூவி ஈர்க்கால் குத்தி நிரப்புங்கள்.

மண் முழுவதுமாகவே நீர் இறங்கி ஓடினால், கலவை வெறும் கல். கருங்கல் சிப்ஸ் ஈரத்தை மேற்பரப்பில் மட்டுமே வைத்திருக்கும். களிமண் உருண்டைகள் என்று விற்கும் லீகாவும் முழு உருண்டையாகப் போட்டால் பெரும்பாலும் அப்படித்தான். மேல்தோல் வழவழப்பு, உருண்டையும் பெரிது. சுத்தியலால் உடைத்துச் சலித்தால் உள்ளே உள்ள நுண்துளைகள் வெளிப்பட்டு நல்ல சரக்காகிவிடும்.

கத்திரி வெயிலில் இந்த அறிகுறி வந்தால் கலவையை மாற்றாதீர்கள். நிழல்வலைக்குக் கீழே நகர்த்தி, மேல்மண்ணில் அரை அங்குலத்தை வாரி எடுத்துவிட்டு ஊறவைத்த செங்கல் குருணையும் நறுக்கிய தேங்காய் நாரும் கலந்து பரப்புங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு வேளை நீர் போதும். ஈரம் நிற்கட்டும் என்று மேலே கோகோபீட் தூளைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தூள் ஒவ்வொரு நீருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி அடியில் அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுத்த தலைப்பில் சொல்லும் கோளாறு வந்து சேரும்.

மேலே காய்ந்திருக்கிறது, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். மேல்மண் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவோம். என் புளி இப்படித்தான் போனது. ஈர்க்கை உருவிப் பாருங்கள்: மேல் அரை அங்குலம் காய்ந்து, கீழே ஒன்றரை அங்குலம் சேறாக இருக்கும்.

குருணை ஒரே அளவில் இல்லாதது ஒரு காரணம். பெரியதும் சிறியதுமாகக் கலந்தால் சிறியவை பெரியவற்றின் நடுவே புகுந்து காற்றுவழியை அடைத்துவிடும். இன்னொன்று, வடிகால் நன்றாக இருக்கும் என்று அடியில் ஒரு அடுக்கு பெரிய ஜல்லி போடுவது. நம் ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை இது, சொல்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் போன்சாய்த் தட்டுக்கு இது பொருந்தாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஸ்பாஞ்சின் அடிப்பகுதிபோல ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஏற்கெனவே குறைவான ஆழம் இன்னும் குறைந்துவிடும். மேலிருந்து அடிவரை ஒரே கலவையாகப் போடுவதே நல்லது.

உடனடிச் சிகிச்சைக்கு மறுபடி ஸ்பாஞ்சையே நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றி முடித்ததும் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் அரைச் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். சாய்ந்த தட்டில் மேட்டுப் பக்கம் உயரம் கூடுவதால், தங்கியிருந்த நீரில் ஒரு பகுதி பள்ளத்துப் பக்கத் துளை வழியாக வெளியேறும். கண்ணால் பார்க்கலாம். சாய்த்ததும் நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்கும். இதோடு, ஒரு சாண் நீளப் பருத்தி நாடாவை வடிதுளைக்குள் செருகி, மீதியைக் கீழே தொங்கவிட்டால் அது நீரை இழுத்துச் சொட்டவைக்கும். ஐப்பசி அடைமழையில் என் தட்டுகள் எல்லாமே சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சோதித்துப் பார்க்காத கலவையை அந்த மூன்று மாதங்களுக்கு மழைக்கு விடாதீர்கள். ஓரத்தில் தகரத்துக்குக் கீழே வையுங்கள்.

துளையில் சாக்கடை வாடை வந்துவிட்டால் மட்டும் மரத்தை எடுங்கள். கருத்து, தொட்டதும் தோல் உரியும் வேரை வெட்டி, நல்ல வேரை விட்டு, வெறும் செங்கல் குருணையும் சிப்ஸும் கலந்து வையுங்கள். வேர் குறைந்த அளவுக்கு இலையையும் குறையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரமே வேண்டாம். ஆலும் இச்சியும் இந்தக் கட்டத்திலிருந்துகூடத் திரும்பி வந்திருக்கின்றன. புளியும் சவுக்கும் எனக்கு வரவில்லை.

இலை நுனி கருகுகிறது, தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கிறது

உப்பு. கேள்வி, எங்கிருந்து வந்தது என்பதுதான்.

தென்னை நாரிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இயல்பாக உண்டு. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். கழுவாத கோகோபீட் கட்டியைத் தொட்டியில் போட்டால் இரண்டே வாரத்தில் நுனி கருகும். செங்கல்லிலும் உப்பு உண்டு. சில சூளைக் கற்கள் காய்ந்ததும் வெள்ளை பூக்கும், பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிய கல் இன்னும் மோசம். கொதிகலன்களில் எரிந்து மிஞ்சும் நிலக்கரிக் கட்டியைச் சிலர் போடுகிறார்கள். துளையும் கனமின்மையும் அருமைதான், ஆனால் ஒரு பருவமழை முழுக்க வெளியில் நனைந்த கட்டியை மட்டுமே நான் தொடுவேன். அதே நிலக்கரியின் பறக்கும் சாம்பல் மாவுபோல இருக்கும், அது எந்த விதத்திலும் உதவாது. கடற்கரை மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பொருளை ஐந்து பங்கு ஆர்.ஓ. நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அளவைப் பாருங்கள். வெறும் நீரைவிட 100 வரை கூடினால் நான் அப்படியே பயன்படுத்துவேன். 500 கூடினால் நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பேன், இறங்கும் வரை. மீட்டர் இல்லையென்றால் ஒரு பிடி வெந்தயம் போதும். ஊறவைத்த வெந்தயத்தைப் பாதி உங்கள் பொருளிலும் பாதி நன்றாகத் தெரிந்த மண்ணிலும் விதையுங்கள். ஐந்தாறு நாளில் உங்கள் பொருளில் உள்ளது மட்டும் முளைக்காமலோ வேர் நுனி கருகியோ நின்றால் விடை கிடைத்துவிட்டது.

மரம் ஏற்கெனவே அதில் இருந்தால், தொட்டி கொள்ளளவைப்போல நான்கைந்து மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். அரை மணி கழித்து மறுபடி ஒரு முறை. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இதற்குத்தான் அதைச் செலவழிக்க வேண்டும். போர்வெல் நீரே உப்பு என்றால் வாரம் ஒரு முறையாவது இப்படி அலசிவிட வேண்டும். அலசிய பிறகு பத்து நாள் உரம் வேண்டாம்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

புது இலையா பழைய இலையா என்பதை நன்றாகப் பாருங்கள். புது இலையில் நரம்பைத் தவிர மற்ற இடம் மஞ்சளாவது இரும்புச் சத்து எட்டவில்லை என்பதன் அடையாளம். மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. மண் காரமாக இருந்தால் இருக்கும் இரும்பையே வேரால் எடுக்க முடியாது. வெட்சி முதலில் காட்டிக் கொடுக்கும், அடுத்தது காகிதப்பூ.

காரம் எங்கிருந்து வந்திருக்கும்? இடித்த கட்டடத்துச் செங்கல்லில் ஒட்டியிருக்கும் காரையும் சிமெண்டும். பளிங்குச் சிப்ஸ். கிளிஞ்சல் கலந்த மணல். அரிசி ஆலையின் வெள்ளைச் சாம்பல். இப்போது புதிதாக வந்திருக்கும் ஆபத்து, கட்டுமான இடங்களில் உடைந்து கிடக்கும் வெள்ளை நிற ஏஏசி பிளாக். கையில் எடுத்தால் நுரைக்கல்போல இலகுவாக, நிறையத் துளைகளோடு இருக்கும். போன்சாய்க்கென்றே செய்ததுபோல் தோன்றும். அதில் இருப்பது சிமெண்டும் சுண்ணாம்பும். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள்.

எலுமிச்சம்பழத்தை நறுக்கி, காய்ந்த குருணை மீது நாலு சொட்டு பிழியுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காத பொருளிலும் வேறு காரம் இருக்கலாம் என்பதால், ஊறவைத்த நீரில் லிட்மஸ் தாளையும் ஒரு முறை நனைத்துப் பார்ப்பது நல்லது.

தற்காலிகமாக, இரும்புச் சத்து உரத்தைத் தெளிக்கலாம். வாங்கும்போது உறையைப் படியுங்கள். இடிடிஏ (EDTA) வகை இரும்பு, காரம் மிகுந்த மண்ணில் நிலைக்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் நிலைக்கும். இலைமேல் தெளிக்க முதல் வகை போதும். நிரந்தர வழி கலவையை மாற்றுவதுதான்.

கரி பற்றிக் கேட்பவர்களுக்கு: அடுப்புக் கரியும் சிரட்டைக் கரியும் கழுவிப் போட்டால் நல்லவை, பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உமியைக் கருக்கினால் கிடைக்கும் கறுப்பு உமிக்கரியும் அப்படியே. அது சாம்பலாகி வெளுப்பதற்கு முன் நீர் தெளித்து அணைத்திருக்க வேண்டும்.

மரம் முழுவதும் வெளிர் பச்சை, பழைய இலையிலிருந்து மஞ்சள், வளர்ச்சி இல்லை

வேர் நன்றாக இருந்தும் இப்படியென்றால் பசி. செங்கல்லும் ஜல்லியும் உரத்தைப் பிடித்து வைப்பதில்லை, நீரோடு போய்விடும். கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து வாரம் ஒரு முறை, அல்லது 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம். பச்சை உமியோ மரத்தூளோ கலந்திருந்தால் அவை மக்கும்போது தழைச்சத்தைத் தாங்களே இழுத்துக்கொள்ளும். அந்தக் கலவைக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

காற்றில் மரம் ஆடுகிறது

பெர்லைட்டோ (பொரிபோல் இலகுவான வெள்ளைக் குருணை) லீகாவோ அதிகம். பெர்லைட் பெருமழையில் மிதந்து வழிந்தே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு கருங்கல் சிப்ஸ் சேர்த்தால் கனம் வரும். எப்படியானாலும் வடிதுளை வழியாக அலுமினியக் கம்பி விட்டு வேர்க்கட்டியைக் கட்டுங்கள். ஆடும் மரத்தின் புது வேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறுந்துகொண்டே இருக்கும். வெர்மிகுலைட் எளிதில் கிடைக்கிறது, ஈரமும் பிடிக்கும். ஆனால் ஒரு வருடத்தில் நசுங்கிப் பசையாகிவிடும் என்பதால் விதைத் தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எறும்பு, குட்டி ஈ, வெள்ளைப் பஞ்சு

எறும்பு குடியேறினால் நடுமண் காய்ந்து கிடக்கிறது; முக்கி எடுங்கள். குட்டி ஈ பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக, இன்னும் மக்கிக்கொண்டிருக்கும் பொருளோடு இருக்கிறது. மேல் அரை அங்குலத்தைக் குருணையாக மாற்றுங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சியா, வேருக்கு நன்மை செய்யும் பூஞ்சையா என்று குச்சியால் தொட்டுப் பாருங்கள். பூச்சியென்றால் பஞ்சுக்குள் அசையும் உடல் தெரியும், நசுக்கினால் பிசுபிசுக்கும்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்

பழைய மண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பயன்படுத்திய அகடாமாவை நன்றாகக் காயவைத்து, வேர்த்துணுக்குகளை நீக்கி, சலித்துப் பாருங்கள். என் தொட்டிகளில் இரண்டு வருடம் இருந்த மண்ணில் ஏறக்குறைய பாதி இன்னும் மிளகளவில் திடமாகவே இருந்தது. நோய் கண்ட தொட்டியின் மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். மீதியை நனைத்து, கறுப்பு பாலித்தீன் பையில் கட்டி, சித்திரை வெயிலில் மூன்று நான்கு வாரம் மொட்டைமாடித் தரையில் போட்டுவைத்துப் பிறகு பயன்படுத்துகிறேன். புதுச் செங்கல் குருணையோடு பாதிப் பாதி.

அதுவும் இல்லையென்றால் தொட்டி மாற்றுவதைத் தள்ளிப் போடலாம். ஒரு வருடம் தாமதித்ததால் செத்த மரத்தை நான் பார்த்ததில்லை. நீர் இறங்கவே இல்லை என்றால் வேர்க்கட்டியில் ஆப்பு வடிவில் நான்கில் ஒரு பங்கை மட்டும் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் புதுக் குருணை நிரப்புங்கள்; அதற்கு ஒரு கைப்பிடிச் சரக்கு போதும். அல்லது வேரைத் தொடாமல் அப்படியே ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டு, அடுத்த தைக்குக் காத்திருக்கலாம்.

இப்போது என் இச்சிக்கும் ஆலுக்கும் செங்கல் குருணை ஐந்து பங்கு, சிப்ஸ் மூன்று, நன்றாக மக்கிச் சலித்த இலைமக்கு ஒன்று, கரி ஒன்று. அடீனியத்துக்கும் ஜேடுக்கும் இலைமக்கு இல்லாமல் சிப்ஸைக் கூட்டிக்கொள்கிறேன். வெட்சிக்கும் பிராய்க்கும் இலைமக்கு இரண்டு பங்கு, சிப்ஸ் இரண்டு. புதிதாக வாங்கும் ஒவ்வொரு சாக்குச் செங்கல்லையும் முதலில் ஒரே ஒரு இச்சிக் கன்றுக்குப் போட்டு, ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகே மற்ற தொட்டிகளுக்கு எடுக்கிறேன். தொட்டியின் அடியில் கலவையையும் தேதியையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். இலை மஞ்சளானால் முதலில் தொட்டியைத் தூக்கி அதைத்தான் படிக்கிறேன்.